ஸ்ரீரங்கப்பட்டணம்: கோடையில் காவிரி காவல் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்ரீரங்கப்பட்டணம் போயிருந்தோம். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்திருக்கும் தீவில் உள்ள திப்பு சுல்தானின் கோட்டைக்குள் ஆங்கிலேயப் படை எப்படி நுழைந்தது என்று கேட்டதற்கு, ‘திப்புவின் அமைச்சர் மீர் சாதிக்கின் துரோகம்’ என்று வழிகாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

துரோகக் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் மாதத்தைப் பாருங்கள். கோட்டை விழுந்தது 1799 மே 4. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அங்கே காவிரி பாறையும் முழங்கால் தண்ணீருமாகக் கிடக்கும். (மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை வந்துவிட்டதால் இன்றைய நீரை வைத்து அன்றைய ஆற்றை எடைபோட முடியாது.) 1791 மே மாதம் இதே கோட்டை வரை படையோடு வந்த ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், மழையாலும் மாடுகள் செத்ததாலும் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அந்தப் பாடம் 1799இல் ஆங்கிலேயப் படையை நடத்திய தளபதி ஹாரிஸுக்குத் தெரியும். 1799 ஏப்ரல் 5 அன்று வந்து சேர்ந்தவர், வெள்ளம் வருமுன் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார். அரிசியும் தீர்ந்துகொண்டிருந்தது.

அடுத்தது, இடம். கோட்டை இருப்பது தீவின் மேற்கு முனையில். கிழக்கே தரை என்பதால் அங்கே காவல் பலம். மேற்கிலும் வடக்கிலும் ஆற்றை நம்பினார்கள். ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்தது வடமேற்கு மூலையை. கருங்கல் மதில் பார்க்க அசைக்க முடியாததுபோல இருக்கும். ஆனால் கல் வெளிமுகம் மட்டுமே, உள்ளே மண். பீரங்கிக்காரன் உச்சியைச் சுடமாட்டான், கீழ்ப்பகுதியைத்தான் திரும்பத் திரும்ப அடிப்பான். முகக்கல் பெயர்ந்தால் பின்னாலுள்ள மண் சரிந்து, ஏறுவதற்குச் சரிவுப்பாதையாகிவிடும். மே 3 மாலைக்குள் மதிலில் விழுந்த உடைப்பு ஏறத்தக்க அளவுக்கு வந்துவிட்டது. மறுநாள் நண்பகல் கடந்து சுமார் ஒரு மணிக்கு, வெயிலும் சாப்பாட்டு நேரமும் சேர்ந்த வேளையில், ஆங்கிலேயத் தளபதி பேர்டின் தலைமையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். சில நிமிடங்களில் உடைப்பின் மேல் கொடி.

அங்கேதான் அவர்களுக்கு அதிர்ச்சி. முன்னால் தண்ணீர் நிறைந்த இன்னொரு அகழியும் உள்மதிலும்! திப்பு எழுப்பிய இந்த இரண்டாம் வரிசை நன்றாகவே யோசித்துச் செய்தது. ஆனால் வேலையாட்கள் போய்வர விட்டிருந்த ஒடுங்கிய பாதை ஒன்று அகழிக்குக் குறுக்கே அப்படியே இருந்தது. ஒரு கூட்டம் அதன் வழியே உள்மதிலுக்கு ஏறிவிட்டது.

மீர் சாதிக் சம்பளப் பட்டுவாடா என்று சொல்லி வீரர்களை விலக்கினார் என்பது பரவலான கதை. உடைப்பைக் காத்து நின்ற திப்புவின் தளபதி சையது கஃபார் தாக்குதலுக்குச் சற்று முன் குண்டடிபட்டு இறந்ததை வழிகாட்டிகள் சொல்வதில்லை. என் பார்வையில் அந்தப் பக்கம் குலைந்ததற்கு அந்தச் சாவுக்கும் பங்குண்டு.

மறுபடி போனால் 1907இல் வைத்த நினைவுத்தூண் அருகே நின்று ஆற்றைப் பாருங்கள். உடைப்பு அங்கேதான்.