நெயில் பாலிஷில் '3 ஃப்ரீ' என்று போட்டிருப்பதற்கு என்ன அர்த்தம்?
டொலுயீன், ஃபார்மால்டிஹைட், டிபிபி (டைபியூட்டைல் தாலேட்) என்ற மூன்று ரசாயனங்களையும் சேர்க்கவில்லை என்று அர்த்தம். முதலாவது பாலிஷைச் சீராகப் பரப்பும், ஆனால் அதன் ஆவி தலைசுற்ற வைக்கும். இரண்டாவது கெட்டியாக்கும், புற்றுநோய்க் காரணியும்கூட.

டிபிபி எதற்கு? எங்கள் குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள், சிரட்டையில் மிஞ்சிய பால் காய்ந்தாலும் தோல் மாதிரி இழுபடும். பாலிஷ் அப்படி இல்லை, காய்ந்தால் நொறுங்கும், அதை வளையவைக்கத்தான் இது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருட்களில் இதைத் தடைசெய்திருக்கிறது.

மார்த்தாண்டம் சந்தையில் வாங்கினாலும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலே இல்லையென்றால் வேண்டாம், விரல் சூப்பும் பிள்ளைகளுக்கு நிச்சயமாக வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசுங்கள்.

அப்புறம், '10 ஃப்ரீ' இன்னும் பாதுகாப்பானது என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் எந்தப் பத்து என்பதைக் கம்பெனியே முடிவுசெய்கிறது.