பூசைக்கும் வீட்டுக்கும் உடை: கேட்டதும் பதிலும்

லத்தீன் பூசைக்கு, அதாவது பழைய முறையில லத்தீன் மொழில நடக்கற கத்தோலிக்க வழிபாட்டுக்குப் போற குடும்பங்கள்ல உடைப் பேச்சு எடுத்தாலே சண்டைல போய் முடியுது, அதனால கேள்விய எல்லாம் மொத்தமா வாங்கி இங்க பதில் எழுதறேன். நான் ரொம்ப வருஷமா முக்காடு போட்டு பூசைக்குப் போறவ, பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தர்றவ. திருச்சபை எல்லாருக்கும் சொன்னது எது, ஒரு ஆயர் தன் மக்களுக்கு மட்டும் சொன்னது எது, நாமளா சேர்த்துக்கிட்டது எது, இந்த மூணையும் கலக்காம பேசணும்ங்கறதுதான் எனக்கு முக்கியம்.

கேள்வி: அக்கா, கழுத்துக்குழிக்குக் கீழ ரெண்டு விரல், கை முழங்கை வரை, பாவாடை முழங்காலுக்குக் கீழன்னு ஒரு அளவு சொல்றாங்களே, அது போப் போட்ட சட்டமா?

இல்லம்மா. பதினோராம் பயஸ் காலத்துல, 1920கள் கடைசில, போப் சார்பா ரோம் மறைமாவட்டத்தப் பாத்துக்கிட்ட கர்தினால் பேருல வர்ற அளவு அது. பின்னாடி அமெரிக்கால மாதாவப் போல உடுத்தணும்னு ஒரு இயக்கம் வந்து அத ஊரெல்லாம் பரப்புச்சு, அப்படியே போப்பே சொன்னதா ஆயிடுச்சு. 1992ல வந்த திருச்சபை மறைக்கல்வி நூல்ல 2521லேர்ந்து 2524 வரைக்கும் படிச்சுப் பாருங்க, அடக்கம் தன்னடக்கத்தோட ஒரு பங்கு, மனுஷனோட அந்தரங்கத்தக் காப்பாத்தறது, அதோட வடிவம் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும்னுதான் இருக்கு, விரல் கணக்கு இல்ல. அதுக்காக எது போட்டாலும் சரின்னு ஆயிடாது. அந்த அளவ உங்க வீட்டுக்கு வழிகாட்டியா வச்சுக்கோங்க, நல்ல அளவுதான், நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் உடுத்தறேன், ஆனா அதுக்கு ஒரு விரல் கூடக்கொறைய உடுத்துனவள சாவான பாவத்துல, அதாவது ஆன்மாவக் கொல்ற கனமான பாவத்துல இருக்கான்னு சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது.

இன்னொண்ணு, கண்ணாடி முன்னாடி நிமிர்ந்து நின்னு பாத்துட்டு சரின்னு கிளம்பிடாதீங்க. உக்காந்து பாருங்க, குனிஞ்சு பாருங்க, கைய மேல தூக்கிப் பாருங்க, முக்கியமா முட்டி போட்டுப் பாருங்க, ஏன்னா நன்மை, அதாவது நற்கருணை வாங்க முட்டி போடறப்பதான் பின்பக்கம் பாவாடை ஏறும், சட்டை மேல போகும். மெல்லிசு துணியா இருந்தா உள்ள கைய விட்டு ஜன்னல் வெளிச்சத்துல பிடிங்க, விரல் தனித்தனியா தெரிஞ்சா லைனிங் வேணும்.

கேள்வி: பொண்ணுங்க பேன்ட் போடறது பாவமா? உபாகமம் 22:5 காட்டி எங்க குரூப்ல ஒருத்தர் திட்டறார்.

இந்தக் கேள்விதான் ரொம்பப் பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஆண் உடைய பெண்ணும் பெண் உடைய ஆணும் போடக்கூடாதுங்கற அந்த வசனத்த திருச்சபையோட பெரிய இறையியல் அறிஞர் புனித தாமஸ் அக்குயினாஸே எடுத்துப் பேசியிருக்கார். பொதுவா அப்படி மாத்திப் போடறது தப்புன்னுதான் சொல்றார், காம நோக்கத்துக்கு இடம் கொடுக்கும்ங்கறதால, புறஜாதியார் விக்கிரக வழிபாட்டுல அப்படி மாத்திப் போட்டாங்கங்கறதாலயும் பழைய சட்டம் அதத் தனியா தடை பண்ணுச்சுங்கறார். ஆனா எதிரிகிட்டேர்ந்து ஒளியணும், வேற துணி இல்லங்கற மாதிரி அவசியம் வந்தா பாவமில்லன்னும் அவரே சொல்றார்.

அவருக்கும் முன்னாடி 866ல, புதுசா மனந்திரும்பின பல்கேரியர்கள் முதலாம் நிக்கோலாஸ் போப்புக்கு ஒரு பெரிய கேள்விப் பட்டியலே அனுப்புனாங்க. அதுல கால்சட்டையும் ஒண்ணு. நீங்களோ உங்க பெண்களோ போட்டாலும் போடலன்னாலும் அது உங்க மீட்சிக்குத் தடையும் இல்ல, புண்ணியத்தக் கூட்டறதும் இல்லங்கற அர்த்தத்துல அவர் பதில் எழுதுனார். திட்டறவர்கிட்ட இத மரியாதையா காட்டுங்க.

எதிர்ப்பக்கம் எல்லாரும் காட்டறது ஜெனோவா கர்தினால் சீரி 1960 ஜூன் 12ல எழுதுனது. முதல்ல அத முழுசா படிங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன். பேன்ட் அந்தக் காலப் பாவாடையவிட உடம்ப அதிகமாத்தான் மூடுது, அதனால அடக்கத்துக்கு எதிரான கனமான குத்தம்னு அதத் தன்னளவுல சொல்ல முடியாதுன்னு அவரே ஒத்துக்கறார், ஒட்டிப் பிடிக்கற மாதிரி இருந்தா வேற கதைன்னும் சொல்றார். அவரோட பெரிய கவலை ஆண் பெண் வித்தியாசம் மனசுல அழிஞ்சிடுமோங்கறது. அது நியாயமான கவலைதான், ஆனா அவர் எழுதுனது தன் மறைமாவட்டத்துக்கு. டாக்டராவும் தாயாவும் வாழ்ந்து 2004ல புனிதையான ஜியன்னா மொல்லா மலை ஏறறதும் பனிச்சறுக்கும் பிடிச்சவங்க, அதுக்குத் தகுந்த உடைதான் போட்டாங்க. நான் பூசைக்குப் பாவாடைதான் கட்டுவேன், என் பொண்ணுக்கும் அதத்தான் சொல்வேன், ஆனா லூசான நல்ல பேன்ட் போட்டு வர்றவள பாவின்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி: முக்காடு இன்னும் கட்டாயமா? கல்யாணம் ஆனவங்க கறுப்புதான் போடணுமா?

1917 திருச்சபைச் சட்டத்துல 1262வது பிரிவு, கோயில்ல பெண்கள் தலைய மூடணும், அடக்கமா உடுத்தணும்னு சொல்லுச்சு. 1983ல புதுச் சட்டம் வந்தப்ப பழசு ரத்தாச்சு, புதுசுல அது இல்ல. 1976லயே விசுவாசப் போதனையக் கவனிக்கற வத்திக்கான் அலுவலகமான விசுவாசப் பேராயம், பவுல் கொரிந்தியருக்கு எழுதுன முக்காடு விஷயத்துக்கு இனி கட்டாயத் தன்மை இல்லன்னு எழுதியிருக்கு. ஆகவே போடாதவ சட்டத்த மீறல. நான் போடறது நற்கருணைக்கு முன்னாடி காட்டற மரியாதை, விரும்பிப் போடறேன், போட்டுப் பாருங்கன்னு யாருக்கும் சந்தோஷமா சொல்வேன். கறுப்பு வெள்ளை எல்லாம் வழக்கம், விதி இல்ல.

லேஸ் முக்காடு வழுக்கி வழுக்கி விழுதுன்னு கேட்டவங்களுக்கு: நெத்திப்பக்க ஓரத்துல உள்ள ஒரு வெல்வெட் பட்டை தச்சுக்கோங்க, இல்ல ரெண்டு காதுக்கு மேல வர்ற இடத்துல சின்ன கிளிப் தச்சிடுங்க. பூசை முழுக்க துணிய இழுத்துக்கிட்டே இருந்தா ஜெபம் எங்க பண்றது.

கேள்வி: நான் இருபத்திரண்டு வயசுப் பையன். பொண்ணுங்க உடுத்தறதாலதான் எனக்கு கெட்ட எண்ணம் வருது, அவங்க மேலயும் தப்பு இருக்குல்ல?

தம்பி, வேணும்னே அடுத்தவன விழ வைக்கணும்னு உடுத்துனா அது துர்மாதிரிகை, அது அவங்க கணக்கு. ஆனா மத்தேயு 5ல ஆண்டவர் இச்சையோட பாக்கறவனப் பத்திப் பேசிட்டு அடுத்த வசனத்துலயே பாக்கறவனோட கண்ணத்தான் பிடுங்கிப் போடச் சொல்றார். போன்ல நீங்க என்ன பாக்கறீங்கங்கறதுலேர்ந்து ஆரம்பிங்க, அடிக்கடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்க.

உங்களுக்கும் அடக்கம் உண்டு, இத ஆம்பளைங்க யாரும் கேக்கவே மாட்டேங்கறீங்க. முட்டி போட்டா இடுப்புத் தெரியற ஜீன்ஸ், உடம்ப ஒட்டுன டிஷர்ட், பூசைக்கு ஷார்ட்ஸ், கண்ட வாசகம் எழுதுன சட்டை, இதெல்லாம் யார் பாக்கறது? அம்மாவும் தங்கச்சியும் முழுக்க மூடிக்கிட்டு வர, அண்ணன் விளையாட்டு ஜெர்சியோட முன் பெஞ்சுல உக்காந்திருக்கறதப் பாத்தா எனக்கு உண்மையாவே வலிக்குது.

கேள்வி: பூசைக்கு ஸ்லீவ்லெஸ் போட்டு வந்த பொண்ணுகிட்ட போய் சொல்லலாமா?

வேண்டாம். அவ எத்தனை வருஷம் கழிச்சு அன்னிக்குக் கோயில் வாசல மிதிச்சாளோ. பங்குச்சாமியார் பாத்துக்குவார். நீங்க சிரிச்சு இடம் விடுங்க.

கேள்வி: நகை, மேக்கப் எல்லாம் விட்டுட்டு பழைய துணியே உடுத்தினா இன்னும் நல்லதுதானே?

1 திமொத்தேயு 2:9உம் 1 பேதுரு 3உம் ஆடம்பரத்த விட்டு நல்ல செயல அணிஞ்சுக்கச் சொல்லுது, சரி. ஆனா அழுக்கும் கந்தலும் போட்டும் பெருமையடிக்கலாம், தேவ ஊழியம்ங்கற வேஷத்துல வர்றதால அது இன்னும் ஆபத்துன்னு புனித அகுஸ்தினார் எச்சரிக்கறார், அக்குயினாஸும் அத எடுத்துச் சொல்றார். மனைவி கணவனுக்குப் பிடிக்கற மாதிரி அலங்கரிச்சுக்கறதுல பாவமில்லன்னும் அக்குயினாஸ் சொல்றார். 1957 நவம்பர் 8ல போப் பன்னிரண்டாம் பயஸ் ஃபேஷன் துறைக்காரங்ககிட்ட பேசினப்ப, உடை சுகாதாரத்துக்கும் நாணத்துக்கும் அழகுக்கும்னு மூணையும் சேர்த்தே சொன்னார். அழகு அங்க விலக்கப்பட்ட பொருளா இல்ல.

கேள்வி: அம்மா, என் பொண்ணுக்கு 15 வயசு. பாவாடை கட்டச் சொன்னா அழறா, பூசைக்கே வரமாட்டேங்கறா. நான் விட்டுக்கொடுக்கணுமா?

முதல்ல அவகிட்ட என்ன சொல்லிட்டிருக்கீங்கன்னு யோசிங்க. "உன்னப் பாத்தா ஆம்பளைங்க கெட்டுப்போவாங்க" அப்படிங்கற பேச்ச மட்டுமே கேட்டு வளர்ற பொண்ணு தன் உடம்பே ஒரு பாவம்னு நினைச்சுக்குவா, அது கத்தோலிக்கப் போதனை கிடையாது. உடம்பு தூய ஆவியோட ஆலயம், மதிப்பானதுங்கறதாலதான் மூடி வைக்கறோம்னு சொல்லுங்க. அடுத்தது, துணி எடுக்கப் போறப்ப கூட்டிட்டுப் போங்க, கலரும் மாடலும் அவ எடுக்கட்டும், கழுத்தும் நீளமும் மட்டும் நீங்க பாருங்க. அவ வயசுப் பிள்ளைங்க போடற மாதிரி இருக்கறதுலயே அடக்கமானது நிறைய கிடைக்கும். இருக்கற துணிய மொத்தமா தூக்கிப் போடாதீங்க, கழுத்து இறங்குனதுக்கு உள்ள ஒரு பனியன், ஸ்லிட் வச்சதுக்குக் கீழ லெக்கிங்ஸ், இப்படியே பாதி சரியாயிடும். லூசான பேன்ட்ல அவ பூசைக்கு வர்றேன்னா இந்த ஞாயிறே கூட்டிட்டு வாங்க. பாவாடைப் பேச்ச கொஞ்ச மாசம் எடுக்காதீங்க.