வாசகர் கேள்வி: நவ்ராட்டிலோவா, அபூர்வப் பெயரா?

கேள்வி: ஐயா, டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ராட்டிலோவாவின் குடும்பப்பெயர் எப்படி வந்தது? அபூர்வமான பெயரா?
— கல்லூரி மாணவி, ஹட்டன்

பதில்: இல்லை மகள், செக் நாட்டில் அது பலருக்கும் உள்ள பெயர்தான், அதிலும் கிழக்கே மொராவியாப் பக்கம். நவ்ராட்டில் என்றால் ‘திரும்பி வந்தான்’. ஊரை விட்டுப் போய் வந்த ஒருவரை அக்கம்பக்கத்தார் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள். போஸ்பிஷில் என்றும் ஒரு பெயர் உண்டு, ‘அவசரப்பட்டான்’ என்று பொருள். பெண்களுக்கு ‘ஓவா’ சேரும்.

மார்ட்டினா 1956இல் பிராக்கில் பிறந்தபோது அவர் பெயர் ஷுபெர்ட்டோவா. அம்மா மறுமணம் செய்தபின் வளர்ப்புத் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார். வளர்த்தவரின் பெயரையே உலகம் பூராவும் கொண்டுபோனார், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அபூர்வம் என்றால் ஸ்கோச்டோபோலே, ‘வயலுக்குள் குதி’! 1780களில், செக் நாட்டையும் அப்போது ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆட்சியில் குடும்பப்பெயர்கள் மாறக்கூடாது என்றானபோது, இப்படியான பட்டப்பெயர்களும் நிலைத்துவிட்டன. ஆனால் ஒரே வீட்டுக்காரரிடம் மட்டும் இருக்கும் பெயர், அங்கே ஆண்பிள்ளை இல்லாவிட்டால் அதோடு நின்றுபோகும்.

நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அப்பா பெயர்தான் முன்னெழுத்து, அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பொகவந்தலாவையில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வாழ்ந்த என் தாத்தாவின் பெயர் இன்று எங்கள் பிள்ளைகள் யார் பெயரிலும் இல்லை. எனக்கு அது பெரிய குறை. உன் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய பெயர்களைக் கேட்டு எழுதி வை, மகள்.

அப்புறம், 2022 முதல் செக் பெண்கள் விரும்பினால் ‘ஓவா’ இல்லாமலும் பெயரைப் பதியலாம்.