அம்மாவின் கண்ணுக்கு எந்த லென்ஸ், யார் பணத்தில்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு. இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் சாதா லென்ஸ் ஒரு கண்ணுக்கு 28,000, தூரம், கிட்டம் இரண்டுக்குமான மல்டிஃபோகல் லென்ஸ் 80,000 என்றார்கள். இன்சூரன்ஸ் கண்ணுக்கு 25,000 வரை தரும். 'அம்மாவுக்குப் போய் கணக்குப் பார்க்காதே, பெஸ்ட் லென்ஸே வை' என்கிறார் துபாயில் இருக்கும் அக்கா. பெர்சனல் லோன் எடுக்கட்டுமா? சம்பளம் 38,000. அக்கா மகன் காதுகுத்துக்குச் சீர் செய்த கடனும் வண்டிக் கடனுமாக மாதம் 14,000 போகிறது. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். சாதா லென்ஸ் என்றால் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து உங்கள் கையிலிருந்து 6,000. மல்டிஃபோகல் என்றால் 1,10,000. அதை 16% வட்டிக்கு மூன்று வருடக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 3,870, மொத்தம் 1,39,000 கட்டுவீர்கள். இப்போது போகும் 14,000-த்தோடு சேர்த்தால் சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி தவணைக்கே போய்விடும்.

இத்தனையும் எதற்கு? படிக்கும் கண்ணாடியைத் தவிர்க்க. அதன் விலை ஆயிரம் ரூபாய்கூட இல்லை. மல்டிஃபோகலுக்கு 'பிரீமியம் லென்ஸ்' என்ற பெயரைக் கேட்டதும் சாதா லென்ஸ் ஏதோ மட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். 1949-ல் லண்டனில் கண் டாக்டர் ஹரோல்ட் ரிட்லி தொடங்கி வைத்தது இந்த லென்ஸ் பொருத்தும் சிகிச்சை; உங்களுக்குப் பக்கத்து மதுரையிலேயே 1992 முதல் லென்ஸ் தயாராகிறது. சாதா லென்ஸ், அதாவது ஒற்றைக் குவிய லென்ஸ், நன்றாகப் பரீட்சிக்கப்பட்டது, ஆயுசுக்கும் மாற்ற வேண்டியதில்லை. மல்டிஃபோகலில் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகப் பலர் சொல்வதுண்டு. சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் டாக்டர்களே பெரும்பாலும் அதைத் தவிர்ப்பார்கள். முதலில் விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சிக்கல் லென்ஸே இல்லை. அக்கா வாயால் சொல்வதற்கெல்லாம் நீங்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். காதுகுத்துச் சீர் அப்படி வந்த கடன்தானே? இந்த முறை கணக்கை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "டாக்டர் சரின்னா மல்டிஃபோகலே வைக்கலாம்க்கா, அந்த 1,04,000 வித்தியாசத்தை மட்டும் அனுப்பிடு" என்று எழுதுங்கள். வரவில்லை என்றால் சாதா லென்ஸ். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், முற்றிய புரையை எடுப்பது கஷ்டம். பின்னாளில் லென்ஸுக்குப் பின்னால் மெல்லிய படலம் படியலாம். சில நிமிட லேசரில் சரியாகிவிடும், அதற்குச் சில ஆயிரம் தனியே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் பேப்பரில் லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், கிளெய்முக்குக் கேட்பார்கள்.