ஐம்பது டாலர் அபராதக் குற்றம், ஆறு வருடக் காவல்

கே: அமெரிக்காவின் நார்மன் டோர்சன் சட்டப் பேராசிரியராகவும் உரிமை வழக்குகளின் வக்கீலாகவும் இருந்தாராமே, இரண்டும் ஒருவரால் முடியுமா?

ப: முடிந்தது. 1961-இல் நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆர்தர் கார்ஃபீல்ட் ஹேஸ் திட்டத்தை நடத்தினார். தேர்வான மாணவர்கள் படிக்கும்போதே நடப்பு வழக்குகளுக்கு வேலை பார்ப்பார்கள். 1976 முதல் 1991 வரை அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கத்தின் தலைவரும் அவரே.

கே: அவர் வாதாடிய, ஜெரால்ட் கால்ட் என்ற சிறுவனின் வழக்கில் மேல்முறையீடு செய்யாமல் ஆட்கொணர்வு மனு போட்டது ஏன்?

ப: அந்த வழக்கு நடந்த அரிசோனா மாநிலத்தில் சிறார் வழக்குகளுக்கு அப்போது மேல்முறையீடே கிடையாது. ஒருவரைக் காவலில் வைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைத் தவிர வேறு கதவு இல்லை.

1964 ஜூன் 8. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசியதாக 15 வயது ஜெரால்ட் கால்டைப் பிடித்துப் போனார்கள். பெற்றோர் வேலைக்குப் போயிருந்தார்கள்; வீட்டில் ஒரு சீட்டுகூட வைக்கவில்லை. அடுத்த விசாரணைத் தேதி தாய்க்கு வந்தது வெறும் வெள்ளைத்தாளில். என்ன குற்றச்சாட்டு என்று அதில் இல்லை. புகார் கொடுத்த பெண் ஒரு நாளும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. தீர்ப்பு, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி. பெரியவர் ஒருவர் இதையே செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை!

இதில் பெரிய சிக்கல், விசாரணையை யாரும் எழுதி வைக்காததுதான். பையன் ஒப்புக்கொண்டான் என்றார் நீதிபதி. எண்ணைச் சுழற்றி ரிசீவரை நண்பனிடம் கொடுத்ததாகத்தான் சொன்னான் என்றார்கள் பெற்றோர். எது உண்மை என்று பார்க்கப் பதிவு இல்லை. ஆட்கொணர்வு மனு விசாரணையில் அந்த நீதிபதியே சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967 மே 15 அன்று சிறுவன் பக்கம் தீர்ப்பளித்தது. குற்றச்சாட்டை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தனக்கு எதிராகத் தானே பேசத் தேவையில்லை: காவலில் முடியக்கூடிய சிறார் வழக்குகளுக்கு இந்த நான்கும் கிடைத்தன.

கே: கேட்டதெல்லாம் கிடைத்ததா?

ப: இல்லை. மேல்முறையீட்டு உரிமை, விசாரணையின் எழுத்துப் பதிவு இரண்டையும் நீதிமன்றம் தீர்மானிக்காமல் விட்டுவிட்டது. அந்தப் பதிவு இல்லாமல்தானே இந்தக் குடும்பம் அவ்வளவு அலைந்தது!