ரீபூட் செய்தால் சர்வரின் ஐபி முகவரி காணாமல் போகிறது, நிலையாக வைப்பது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: டெபியன் என்ற லினக்ஸ் போட்ட ஒரு சர்வர், அதில் இரண்டு லேன் கார்டுகள். இரண்டாவது கார்டுக்கு டெர்மினலில் கையால் ஐபி கொடுத்தால் எல்லாம் ஓடுகிறது. ரீபூட் ஆனதும் அந்த முகவரி போய்விடுகிறது. அதே கட்டளையை, பூட் ஆகும்போது ஓடும் ஆர்சி லோக்கல் கோப்பில் போட்டுப் பார்த்தீர்கள். சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வந்த நாளிலும் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வர் எழுந்திருப்பதில்லை. சரியான வழி என்ன என்று கேட்கிறீர்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அது தெரிந்துவிட்டால் எந்த யூனிக்ஸ் வகை மெஷினிலும் தடுமாற மாட்டீர்கள். டெர்மினலில் "ஐபி அட்ரஸ் ஆட்" என்று அடிக்கும்போது நீங்கள் நேரே சிஸ்டத்தின் மையமான கர்னலோடு பேசுகிறீர்கள். கர்னல் அந்த முகவரியைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது, எந்தக் கோப்பிலும் எழுதி வைப்பதில்லை. கரன்ட் போனால் அதுவும் போய்விடும். 1983-ல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு ஐஎஃப்கான்ஃபிக் கட்டளை வந்த காலத்திலிருந்தே இதுதான் ஏற்பாடு. ஆகவே மெஷின் எழும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ஒரு கோப்பைப் படித்து அதே உத்தரவுகளைக் கர்னலுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும். உங்கள் மெஷினில் அந்த வேலை யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கோப்பைத் திருத்துவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

லினக்ஸில் இந்த வேலைக்கு முக்கியமாக மூன்று பேர் இருக்கிறார்கள். டெபியன் சர்வர்களில் பழைய ஆள் ஐஎஃப்அப்டவுன். இது ஈடிசி ஃபோல்டருக்குள் நெட்வொர்க் என்ற ஃபோல்டரில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பைப் படிக்கும். இரண்டாவது, பூட்டில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி-யின் நெட்வொர்க்டி. மூன்றாவது நெட்வொர்க்மேனேஜர், டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இதுதான். உபுண்டு 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான் என்று ஒன்று வந்தது. அது தானாக எதையும் செய்யாது. நீங்கள் யாம்ல் வடிவில் எழுதியதைப் படித்து, நெட்வொர்க்டி அல்லது நெட்வொர்க்மேனேஜருக்குப் புரியும் கோப்புகளாக மாற்றித் தரும். இணையத்தில் கிடைக்கும் பத்துக் குறிப்புகள் பத்து விதமாகச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஒவ்வொருவரும் அவரவர் மெஷினில் இருக்கும் ஆளுக்கு எழுதியிருக்கிறார்கள். ஒரு கார்டை இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுத்துவிடுவார். உங்கள் ஆர்சி லோக்கல் வித்தை சில நாள் மட்டும் பலித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சிஸ்டம்சிடிஎல் கட்டளை கொண்டு நெட்வொர்க்கிங், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, நெட்வொர்க்மேனேஜர் மூன்றின் நிலையையும் பாருங்கள். எது ஆக்டிவ் என்று வருகிறதோ அதுதான் உங்கள் ஆள். வழக்கமான டெபியன் சர்வர் என்றால் நெட்வொர்க்கிங் என்ற சேவைதான் ஓடிக்கொண்டிருக்கும், அதாவது ஐஎஃப்அப்டவுன். டெஸ்க்டாப்போடு நிறுவியிருந்தால் நெட்வொர்க்மேனேஜரும் இருக்கும். பயப்பட வேண்டாம். டெபியனில் அது இன்டர்ஃபேசஸ் கோப்பில் பெயர் உள்ள கார்டுகளைத் தொடாமல் விட்டுவிடும் விதமாகத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

சரி, இப்போது கோப்பைத் திறங்கள். உங்கள் இரண்டாவது கார்டுக்கு வேண்டியது மூன்றே வரி. (கோப்பில் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்க வேண்டும், இங்கே உச்சரிப்பை மட்டும் தமிழில் தருகிறேன். இஎன்பி3எஸ்0 என்பது கார்டின் பெயர்.)

ஆட்டோ இஎன்பி3எஸ்0
ஐஃபேஸ் இஎன்பி3எஸ்0 ஐநெட் ஸ்டாட்டிக்
அட்ரஸ் 192.168.10.5/24

நிறையப் பேர் இரண்டாவது, மூன்றாவது வரிகளை எழுதிவிட்டு முதல் வரியை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் "ஐஎஃப்அப்" என்று கையால் கொடுத்துப் பார்க்கிறார்கள், வேலை செய்கிறது, சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஐஃபேஸ் வரி சொல்வது "இந்தக் கார்டை எழுப்பினால் இப்படி எழுப்பு" என்பதை மட்டும்தான். "பூட் ஆகும்போது எழுப்பு" என்று சொல்வது ஆட்டோ வரி. அது இல்லாவிட்டால் சிஸ்டம் அந்தக் கார்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது, எந்த எரரும் வராது. ஆட்டோவுக்குப் பதில் அலவ்-ஹாட்பிளக் என்றும் போடலாம், டெபியன் இன்ஸ்டாலர் முதல் கார்டுக்கு அப்படித்தான் எழுதி வைக்கும். அதற்குப் பொருள், கார்டு கண்ணில் பட்டவுடன் எழுப்பு என்பது. யுஎஸ்பி-யில் செருகும் கார்டுக்கு அது பொருத்தம். மதர்போர்டில் நிலையாக இருக்கும் கார்டுக்கு, அதிலும் மற்ற சேவைகள் அந்த ஐபி-யை நம்பியிருக்கும்போது, ஆட்டோவையே போடுங்கள் என்பேன்.

வெளியே போகும் வழியைச் சொல்லும் கேட்வே வரியை மேலே நான் எழுதாமல் விட்டது தெரிந்துதான். இரண்டு கார்டு இருந்தாலும் இணையத்துக்குப் போகும் கார்டுக்கு மட்டுமே கேட்வே. இரண்டிலும் எழுதினால், இரண்டாவது கார்டு எழும்போது டிஃபால்ட் ரூட் ஏற்கெனவே இருக்கிறது என்று கர்னல் மறுத்துவிடும். லாக்கில் "ஃபைல் எக்சிஸ்ட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும், எந்த ஃபைல் என்று தேடித் தேடி மண்டை காயும். பெயர்களை ஐபி முகவரியாக்கும் சர்வர்களைக் குறிக்கும் டிஎன்எஸ்-நேம்சர்வர்ஸ் என்ற வரியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிசால்வ்கான்ஃப் மாதிரி ஒரு பேக்கேஜ் இல்லாமல் அந்த வரி எதையும் செய்யாது, ஏன் செய்யவில்லை என்றும் சொல்லாது.

மரியாடிபி விஷயத்துக்கு வருகிறேன். அதன் கான்ஃபிக்கில் பைண்ட்-அட்ரஸ் (எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்பது) என்று அந்த இரண்டாவது கார்டின் ஐபி-யைக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மரியாடிபி எழும் நேரத்தில் அந்த முகவரி எந்தக் கார்டிலும் இல்லை என்றால், கேட்ட முகவரியைத் தர முடியாது என்று கர்னல் சொல்லும், மரியாடிபி அங்கேயே நின்றுவிடும். ஆர்சி லோக்கல் ஓடுவது பூட்டின் கடைசிப் பக்கத்தில். நீங்கள் ஐபி கொடுப்பதற்குள் மரியாடிபி கேட்டு, ஏமாந்து, படுத்துவிட்டது. ஆட்டோ வரி போட்டால் இதுவும் சேர்ந்தே சரியாகும், ஏனென்றால் டெபியனில் நெட்வொர்க்கிங் சேவை தன் வேலையை முழுதாக முடித்த பிறகுதான் நெட்வொர்க் டார்கெட் என்ற கட்டம் வருகிறது. மரியாடிபி அதற்குப் பின்னால் நிற்கிறது.

ஆனால் நாளை நீங்கள் நெட்வொர்க்டி-க்கு மாறினால் இந்தக் கணக்கு மாறிவிடும். நெட்வொர்க்டி உள்ள மெஷினில் நெட்வொர்க் டார்கெட் என்றால் "நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வேலைக்கு வந்துவிட்டார்" என்று மட்டுமே பொருள். முகவரி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. முகவரி வரும்வரை காத்திருக்க நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் என்று வேறொன்று இருக்கிறது. உங்கள் சேவையின் யூனிட் கோப்பில் அதற்கு ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டையும் எழுத வேண்டும். ஆஃப்டர் மட்டும் எழுதினால், அந்த டார்கெட்டை வேறு யாரும் கூப்பிடாத மெஷினில் காத்திருப்பே நடக்காது. இதன் மறுபக்கத்தையும் பார்த்திருப்பீர்கள்: கேபிள் செருகாத கார்டு ஒன்று கான்ஃபிக்கில் இருந்தால் பூட் இரண்டு நிமிடம் அப்படியே நிற்கும். 120 விநாடி என்பது அந்தக் காத்திருப்புச் சேவையின் இயல்பான வரம்பு. நெட்பிளானில் அந்தக் கார்டுக்கு ஆப்ஷனல் ட்ரூ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இனி கார்டின் பெயர். இதில்தான் எனக்கு ஒரு இரவு போயிற்று.

ஒரு சின்ன அச்சகத்தின் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை மலைபோல் கிடந்தது. டிசைன் செய்பவர்களின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்தச் சர்வரிலிருந்துதான் ஃபைல்களைத் திறக்கும். இடம் போதவில்லை என்று காலியாக இருந்த ஒரு ஸ்லாட்டில் என்விஎம்இ டிஸ்க்குக்கான கார்டு ஒன்றைச் செருகினோம். ஆன் செய்தேன். சர்வர் எழுந்துவிட்டது, விளக்குகள் எரிகின்றன, ஆனால் பிங் இல்லை. கேபிளை மாற்றினேன், ஸ்விட்சில் போர்ட்டை மாற்றினேன். கடைசியில் மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டி "ஐபி லிங்க்" என்று அடித்தபோது திரையில் இருந்தது இஎன்பி4எஸ்0. கோப்பில் நான் எழுதியிருந்தது இஎன்பி3எஸ்0. ஒரே ஓர் எண். லேன் கார்டை யாரும் தொடவேயில்லை.

நடந்தது இதுதான். முன்பெல்லாம் ஈத்0, ஈத்1 என்று கர்னல் கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைக்கும். இரண்டு கார்டு இருந்தால் வரிசை மாறிப்போகும் அபாயம் இருந்தது. 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197-லிருந்து, கார்டு எங்கே செருகியிருக்கிறதோ அந்த இடத்தை வைத்துப் பெயர் வருகிறது. இஎன் என்றால் ஈதர்நெட், பி3 என்றால் மூன்றாவது பிசிஐ பஸ், எஸ்0 என்றால் அதில் பூஜ்யமாவது ஸ்லாட். மதர்போர்டின் ஃபர்ம்வேரே எண் சொல்லிவிட்டால் இஎன்ஓ1 மாதிரி வரும். இந்த முறை நல்ல முறைதான், பழையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பஸ் எண்களை மெஷின் ஒவ்வொரு முறையும் வரிசையாக எண்ணித்தான் கொடுக்கிறது. நடுவில் புதிய கார்டு ஒன்று வந்து உட்கார்ந்தால் அதற்குப் பின்னால் இருப்பவர்கள் ஓர் எண் தள்ளிப்போகிறார்கள்.

அதனால் சர்வர்களில் நான் இப்போது பெயரை, கார்டிலேயே பதிந்திருக்கும் மேக் முகவரியோடு கட்டிப்போட்டுவிடுகிறேன். ஈடிசி-யில் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க் ஃபோல்டர். அங்கே 10-லேன் என்ற பெயரில், லிங்க் என்று முடியும் ஒரு கோப்பு. அதில் மேட்ச் பகுதியில் கார்டின் மேக்அட்ரஸ், லிங்க் பகுதியில் நேம் என்று நீங்கள் விரும்பும் பெயர். நான் லேன்0, வான்0 என்று வைக்கிறேன், படிக்கும்போதே எது உள்ளே எது வெளியே என்று தெரியும். பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஈத்0 என்று மட்டும் வைக்காதீர்கள். கர்னல் தானாக வைக்கும் பெயரோடு மோதும். கோப்பை எழுதியபின் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டுங்கள், ஏனென்றால் இந்தக் கோப்பின் நகல் ஒன்று, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் உள்ளேயும் போகிறது. பழைய நகல் அங்கே இருந்தால் பழைய பெயர்தான் வரும். இன்டர்ஃபேசஸ் கோப்பிலும் புதிய பெயரைப் போட மறக்காதீர்கள்.

பிஎஸ்டி பக்கம் வேலை செய்ய நேர்ந்தால் இந்தத் தொல்லைகளில் பாதி இருக்காது. ஓப்பன்பிஎஸ்டி-யில் ஒரு கார்டுக்கு ஒரு கோப்பு. கார்டு ஈஎம்0 என்றால் ஈடிசி-யில் ஹோஸ்ட்நேம், ஒரு புள்ளி, ஈஎம்0. உள்ளே ஒரே வரி இருந்தாலும் போதும். கேட்வே மைகேட் என்ற தனிக் கோப்பில். பூட்டில் நெட்ஸ்டார்ட் என்ற ஷெல் ஸ்கிரிப்ட் அவற்றைப் படிக்கிறது. அந்த ஸ்கிரிப்டை ஒரு முறை முழுக்கப் படித்துப் பாருங்கள், பூட் நேரத்தில் நெட்வொர்க் எப்படி எழுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடத்தை நான் பார்த்ததில்லை. ஃப்ரீபிஎஸ்டி-யில் எல்லாம் ஆர்சி கான்ஃப் கோப்பில் இருக்கும். அங்கே எஸ்எஸ்எச் வழியாக இருந்துகொண்டு நெட்இஃப் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் டிஃபால்ட் ரூட் போய்விடும், வெளியூரிலிருந்து வந்திருந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. ரூட்டிங் சேவையின் ரீஸ்டார்ட்டையும் அதே வரியில் சேர்த்து எழுதிவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும்.

அந்தப் பயம் உங்கள் டெபியனுக்கும் பொருந்தும். உபுண்டு என்றால் "நெட்பிளான் ட்ரை" இருக்கிறது. 120 விநாடிக்குள் நீங்கள் சரி என்று என்டர் தட்டாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். ஐஎஃப்அப்டவுனில் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே திருத்துவதற்கு முன் இன்டர்ஃபேசஸ் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். 15 நிமிடம் கழித்து அந்த நகலை இடத்தில் வைத்து ரீபூட் செய்யும்படி "அட்" கட்டளையில் ஒரு வேலையைப் போட்டுவிடுங்கள். புதிய அமைப்பில் உள்ளே வர முடிந்தால் அந்த வேலையை ரத்து செய்யலாம். முடியாவிட்டால் 15 நிமிடம் காத்திருந்தால் பழையபடி எழுந்துவிடும். லிங்க் கோப்பையும் புதிதாக வைத்திருந்தால் அதை நீக்கி இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பிக்கும் வரிகளையும் அந்த வேலையில் சேருங்கள், இல்லையென்றால் பழைய கோப்பும் புதிய பெயரும் பொருந்தாமல் போகும்.

அப்புறம், ஆர்சி லோக்கலில் இருக்கும் அந்த ஐபி வரியை இன்றே எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை, முகவரி ஆட்டோ வரியால் வந்ததா அதனால் வந்ததா என்று தெரியாது. எடுத்தபின், ஆள் இல்லாத நேரம் பார்த்து, மானிட்டர் அருகில் இருக்கும்போது இரண்டு முறை ரீபூட் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் "ஐபி அட்ரஸ்" காட்டுவதையும், ஜர்னல்சிடிஎல்-இல் இந்த பூட்டுக்கான நெட்வொர்க்கிங் சேவையின் லாக்கையும், மரியாடிபி எழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அச்சகத்துச் சர்வரில் அன்றிரவு லிங்க் கோப்பை வைத்தபின், என்விஎம்இ கார்டைக் கழற்றி ஒரு முறை, மாட்டி ஒரு முறை பூட் செய்து பார்த்தேன். இரண்டு முறையும் லேன்0 என்றே எழுந்து, தன் முகவரியோடு நின்றது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டிசைன் செய்பவர்கள் வந்து வழக்கம்போல் ஃபைலைத் திறந்து வேலையைத் தொடங்கினார்கள்.