கூட்டத்தை முடித்தாரா, ஒத்திவைத்தாரா?

கேள்வி: எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்தின் கூட்ட அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். தலைவர் கூட்டத்தை முடித்துவைத்தார் என்பதற்கு ‘வவுண்ட் அப்’ என்று எழுதினேன். தலைவர் அதை வெட்டி ‘அஜேர்ண்ட்’ என்று மாற்றிவிட்டார். எது சரி?
– சங்கச் செயலாளர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் எழுதியது பிழையே இல்லை. தலைவரின் திருத்தம்தான் பொருளை மாற்றுகிறது. நாம் பின்பற்றும் பிரித்தானிய வழக்கில் ‘அஜேர்ண்’ என்றால், வேலை முடியாத கூட்டத்தை இன்னொரு வேளைக்கு ஒத்திவைப்பது. மறுபடி கூடும்போது அது புதிய கூட்டமல்ல, பழையதன் தொடர்ச்சி. பொதுவாக மிச்சமிருந்த விடயங்களை மட்டுமே அங்கே எடுக்கலாம். நிகழ்ச்சிநிரல் முழுவதும் முடிந்த பிறகு அப்படி எழுதினால், “தொடர்ச்சி எப்போது?” என்று ஓர் உறுப்பினர் கேட்க இடமுண்டு. அமெரிக்கர்கள் முற்றாக முடிந்த கூட்டத்துக்கும் அதே சொல்லைப் போடுவார்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்து வருகிறது.

‘வைண்ட் அப்’ (‘வவுண்ட் அப்’ இதன் இறந்தகாலம்) எழுதும்போது ‘மீற்றிங்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். சங்கத்தை ‘வைண்ட் அப்’ செய்தார்கள் என்று எழுதினால் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள் என்றாகிவிடும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்திலும் ஒரு கம்பனியை முடிவுறுத்துவதற்கு இதே சொல்தான். ஆகவே அறிக்கையில் ஐயத்துக்கே இடம் வைக்காமல், “த செயார்மன் டிக்ளேர்ட் த மீற்றிங் குளோஸ்ட் அற் 6.15 பி.எம்.” என்று நேரத்தோடு எழுதுவதே எங்கள் பரிந்துரை. முடித்துவைப்பதையே குறிக்கும் ‘றப் அப்’ பேச்சுக்கு நல்லது, அறிக்கைக்கு வேண்டாம்.

கேள்வி: ‘வைண்ட் அப்’ என்பதன் இறந்தகாலம் ‘வைண்டட்’ தானே?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை, ‘வவுண்ட் அப்’. காயத்தைக் குறிக்கும் ‘வூண்ட்’ என்ற சொல்லுக்கும் இதே எழுத்துகள் என்பதால் பலர் வாசிக்கும்போது தடுமாறுகிறார்கள். ‘இற்’ சேர்த்தால் அது நடுவில் வரவேண்டும்: ‘வைண்ட் இற் அப்’. கூட்டத்துக்குப் பதில் ஓர் ஆளை அந்த நடு இடத்தில் வைத்தால், பிரித்தானியப் பேச்சில் அவரைச் சீண்டி எரிச்சலூட்டுவதாகப் பொருள். இன்னொன்று: தொடங்காமலே கைவிட்ட கூட்டத்துக்கு இது பொருந்தாது. அதற்கு ‘கோல் ஓஃப்’.